கரண்ட்டுன்னா பயமா? – பொட்டி தட்டறவங்க இன்டர்வியூ புராணம்

ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால ரொம்ப நாளா எதுவும் எழுதலை. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு வந்த ஒரு போன்தான் உக்கார வெச்சிடுச்சு.

கீரனூர்லேர்ந்து சித்தி பையன் பேசினான்.

"அண்ணே, இதுவும் புட்டுக்கிச்சுண்ணே."

இது அவனுக்குப் பதினொண்ணாவது இன்டர்வியூ. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சு ஒரு வருஷம் ஆகுது.

"என்னடா கேட்டாங்க?"

"பைனரி ட்ரீயை இடம் வலமா மாத்திப் போடச் சொன்னாங்க. எனக்குத் தெரியும்ணே, வீட்ல எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கேன். ஆனா அவரு கேமராவை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தாரு. நான் பேசப் பேச அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் மட்டும்தான். அப்படியே பேச்சு நின்னு போச்சு."

கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு மண்டை அவ்வளவுதான் போல. அப்பா கடையிலயே உக்காந்துடறேன்" அப்படின்னான்.

கடையில உக்கார்றது ஒண்ணும் கேவலம் கிடையாது. சித்தப்பா அந்தக் கடையை வெச்சுத்தான் ரெண்டு பேரைப் படிக்க வெச்சாரு. ஆனா 'எனக்கு மண்டை அவ்வளவுதான்' அப்படிங்கற வார்த்தைதான் எனக்குப் பொறுக்கலை. அதே வார்த்தையை ஆறேழு வருஷம் முன்னாடி நானும் சொல்லியிருக்கேன்.

அன்னிக்கு அவனுக்குச் சொல்ல ஆரம்பிச்ச கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துடுங்க.

மொதல்ல என் கொசுவத்தியைச் சுத்திக்கறேன். 2019ல நான் டிகிரி முடிச்சப்ப எங்க காலேஜுக்குக் கேம்பஸ்னு வந்தது ரெண்டே கம்பெனி. ரெண்டும் போன்ல பேசற வேலைக்கு ஆள் எடுக்க வந்தவை. அதனால ஆஃப் கேம்பஸ். புதுக்கோட்டையில ராத்திரி சேது எக்ஸ்பிரஸ்ல அன்ரிசர்வ்டுல ஏறி, கதவோரமா ஃபைலை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தா காலையில சென்னை. எழும்பூர் ஸ்டேஷன்லயே மூஞ்சி கழுவி சட்டை மாத்திக்கிட்டு ஓ.எம்.ஆர். போய்ச் சேர்ந்தா, எனக்கு முன்னாடி வரிசையில ஐநூறு பேராவது இருப்பாங்க. கேட்லயே ஒரு சல்லடை: பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மூணுலயும் 60%. ஒண்ணுல 59 இருந்தாலும் வந்த வழியே திரும்பிப் போகலாம்.

நான் சல்லடையைத் தாண்டி, எழுத்துத் தேர்வையும் தாண்டி உள்ளே போயிட்டேன். ஒருத்தர் கேட்டாரு: "எட்டுப் பந்து இருக்கு. ஒண்ணு மட்டும் கனம் ஜாஸ்தி. தராசுல எத்தனை தடவை நிறுத்தா கண்டுபிடிக்கலாம்?" நான் மூணுன்னேன். விடை ரெண்டு. (மூணு மூணாப் பிரிச்சு நிறுக்கணுமாம்.) அடுத்து, "ரோட்ல பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமா இருக்கு?" எங்க ஊர்ல சாக்கடைக்கு மூடியே கிடையாது சார்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. முழிச்சேன். பத்து நிமிஷத்துல வெளியே வந்துட்டேன். நான் எழுதின ஒரு வரி கோடைக்கூட அவரு பார்க்கலை.

திரும்பி வரும்போது ரயில்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன். சாக்கடை மூடிக்கும் சாஃப்ட்வேருக்கும் என்னய்யா சம்பந்தம்? யாரு ஆரம்பிச்சது இதை? அப்புறம் வேலை கிடைச்சு, நேரம் கிடைச்சப்பல்லாம் தேடித்தேடிப் படிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

கதை 1945ல ஆரம்பிக்குது. அமெரிக்க ராணுவத்துக்காகப் பிலடெல்பியாவுல, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல, எனியாக்னு ஒரு ராட்சசக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டிருந்தாங்க. சுமார் 18,000 வால்வு. பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும்னு கணக்குப் போடற மெஷின். மெஷினைக் கட்டியாச்சு, அதுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமே. அந்தக் கணக்கை அதுவரைக்கும் கையால போட்டுக்கிட்டிருந்த பொண்ணுங்கள்லேர்ந்தே ஆறு பேரை எடுத்தாங்க. அதுல ஒருத்தர் பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ். மிசௌரி மாநிலத்துல ஒரு விவசாயக் குடும்பத்துப் பொண்ணு. கணக்குல டிகிரி முடிச்சிட்டு, ஊர்ல டீச்சர் வேலை வேணாம்னு ரயிலேறிப் பிலடெல்பியா வந்தவர். (ரயில், கிராமம், டிகிரி. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்குல்ல?)

அவரை இன்டர்வியூ பண்ணினது ஹெர்மன் கோல்ட்ஸ்டைன். அவரு கேட்ட கேள்வி: மின்சாரத்தைப் பத்தி என்ன நினைக்கறே? இந்தப் பொண்ணு, காலேஜ்ல இயற்பியல் படிச்சிருக்கேன், ஓம் விதி தெரியும்னு ஆரம்பிச்சிருக்கு. அதெல்லாம் வேணாம்மா, கரண்ட்டுன்னா உனக்குப் பயமா இல்லையா, அதைச் சொல்லுன்னாராம் அவரு. மெஷின்ல ஒயரைப் பிடுங்கி மாட்டித்தான் புரோகிராம் பண்ணணும், அதனால கேட்டிருக்காரு. பயமில்லைன்னுச்சு. வேலை கிடைச்சுடுச்சு.

இது பின்னாளில் அவரே சொன்னது. கல்யாணத்துக்கு அப்புறம் ஜீன் பார்ட்டிக்னு பேரு மாறிச்சு. 2011ல காலமானார். உலகத்துல நடந்த முதல் சாஃப்ட்வேர் இன்டர்வியூக்கள்ல ஒண்ணு அது. அதுல சாக்கடை மூடி கிடையாது. வேலைக்கு என்ன தேவையோ அதை மட்டும் கேட்டிருக்காங்க. மிச்சத்தை அந்தப் பொண்ணுங்க மெஷினோட சர்க்யூட் வரைபடத்தை வெச்சுக்கிட்டுத் தானாவே கத்துக்கிட்டாங்க. 1946 பிப்ரவரியில எனியாக்கை உலகத்துக்குக் காட்டினப்ப ஓடின கணக்கு இவங்க எழுதினதுதான். அன்னிக்கு ராத்திரி நடந்த விருந்துக்கு இவங்களைக் கூப்பிடலைங்கறது தனிக் கதை. வயித்தெரிச்சல்.

அப்ப எங்கே புட்டுக்கிச்சு?

1950கள்ல கம்ப்யூட்டரை விக்க ஆரம்பிச்சாங்க. திடீர்னு ஆயிரக்கணக்குல புரோகிராமர் தேவைப்பட்டாங்க. ஆனா புரோகிராமர்னா யாரு, அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ்னு ஒரு படிப்பே அப்போ கிடையாது. அந்த நேரத்துல 1955ல ஐபிஎம் கம்பெனி ஒரு பரீட்சையைக் கொண்டு வந்துச்சு. புரோகிராமர் திறனறித் தேர்வு. அதுல என்ன இருந்துச்சு? வரிசையில அடுத்து வர்றது என்ன, இந்தப் படத்துக்கு இணையான படம் எது, இவ்வளவு வேகத்துல போனா எவ்வளவு நேரம் ஆகும். நம்ம ஆப்டிடியூட் டெஸ்ட்டேதான்! நாம ராத்திரி ராத்திரியா உருப்போட்ட அத்தனையும் எழுபது வருஷப் பழைய சரக்கு.

அந்தப் பரீட்சை தீயாப் பரவிச்சு. 1967ங்கற ஒரே வருஷத்துல மட்டும் 7 லட்சம் பேருக்கு மேல எழுதினாங்கன்னு இந்தத் துறையோட வரலாற்றை எழுதின நேதன் என்ஸ்மெங்கர் சொல்றாரு. மார்க்கு நல்லா வாங்கினவன் வேலையும் நல்லா பார்த்தானா? பயிற்சி வகுப்புல வாங்கின மார்க்கோட ஓரளவு ஒத்துப்போச்சு. வேலையோட அவ்வளவா ஒத்துப்போகலை. கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியும். இருந்தும் ஏன் விடலை? வாசல்ல நிக்கிற கூட்டத்தை ஒரு மணி நேரத்துல பாதியாக் குறைக்க அதைவிடச் சல்லிசான வழி வேற இல்லை.

என்னைக் கேட்டா மொத்தக் கதையும் இந்த இடத்துலதான் இருக்கு. இந்தப் பரீட்சை, பெரும்பாலான பேரை வெளியே அனுப்ப வந்தது. நல்ல ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது அதோட வேலையே இல்லை.

இன்னொரு கூத்து. 1966ல வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரின்னு ரெண்டு உளவியல்காரங்க 1,378 புரோகிராமர்கள்கிட்ட ஆய்வு பண்ணி, இவங்களுக்குப் பொதுவா ரெண்டு குணம்னு சொன்னாங்க: புதிர் போடப் பிடிக்கும், மனுஷங்களைப் பிடிக்காது! அவங்க கேட்ட ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க ஆம்பிளைங்க. அப்புறம் என்ன, யாரோடயும் பேசாம மூலையில உக்காந்திருக்கிற ஆம்பிளைதான் நல்ல புரோகிராமர்னு ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஆறு பொண்ணுங்க ஆரம்பிச்சு வெச்ச தொழில்ல இருந்து பொண்ணுங்க மெதுவா வெளியே தள்ளப்பட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, புதிர் எப்படி இன்டர்வியூ ரூமுக்குள்ளே நுழைஞ்சுச்சு? அதுக்கு வில்லியம் ஷாக்லிகிட்டப் போகணும். டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர். 1956ல நோபல் பரிசு. அதே சமயம் கலிபோர்னியாவுல சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு. வேலைக்கு வர்றவங்களைக் கையில ஸ்டாப் வாட்ச்சோட உக்காந்து கேள்வி கேப்பாரு.

1957ல ஜிம் கிப்பன்ஸ்னு ஒருத்தர் வந்தாரு. பின்னாளில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல பொறியியல் துறைக்கே தலைவரா ஆனவர். ஷாக்லி வாட்ச்சை அமுக்கிட்டு, "127 பேர் டென்னிஸ் ஆடறாங்க. தோத்தவன் வெளியே. மொத்தம் எத்தனை மேட்ச்?" அப்படின்னாரு. கிப்பன்ஸ் உடனே 126ன்னுட்டாரு. ஷாக்லிக்கு முகமே மாறிப்போச்சு, எப்படித் தெரியும், முன்னாடியே கேட்டிருக்கியான்னு. கிப்பன்ஸ் சொன்ன விளக்கம் ரொம்ப எளிசு. ஒரு மேட்ச்சுக்கு ஒருத்தர் வெளியே போறாரு. கடைசியில ஒருத்தர் மிஞ்சணும்னா 126 பேர் வெளியே போகணும். அப்ப 126 மேட்ச். அடுத்த கேள்விக்கு கிப்பன்ஸ் கொஞ்சம் திணறினாராம். அப்பத்தான் ஷாக்லி முகத்துல நிம்மதி வந்துச்சாம்! கேள்வி கேக்கறவரு தோக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

ஷாக்லி புதிரோட நிறுத்திக்கலை. ஆளுங்களை உளவியல் பரீட்சைக்கும் அனுப்பினாரு. ராபர்ட் நாய்ஸ், கோர்டன் மூர்னு ரெண்டு பேருக்கு வந்த ரிசல்ட்டு: புத்திசாலிங்கதான், ஆனா மேனேஜரா லாயக்குப்பட மாட்டாங்க. அந்த ரெண்டு பேரும் 1957லயே இன்னும் ஆறு பேரோட ஷாக்லியை விட்டு வெளியேறினாங்க. 1968ல அவங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்ச கம்பெனியோட பேரு இன்டெல். பரீட்சை சொன்ன ஜோசியம் இப்படித்தான் பலிச்சுச்சு :-)

ஷாக்லியோட கம்பெனி ரொம்ப நாள் தாங்கலை. ஆனா அந்த இன்டர்வியூ பழக்கம் மட்டும் செத்துப்போகாம சிலிக்கான் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிச்சு. 1990கள்ல மைக்ரோசாஃப்ட் இதுக்குப் பேர்போனது. சாக்கடை மூடி கேள்வி உலகம் முழுக்கப் பிரபலமானது அவங்க மூலமாத்தான். வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2003ல இதைப் பத்தியே ஒரு புஸ்தகம் போட்டாரு. அந்தப் புஸ்தகத்தோட தலைப்பே ஒரு இன்டர்வியூ கேள்விதான்: ஃபியூஜி மலையை எப்படி நகர்த்துவே?

அங்கேருந்து நம்ம ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டுல 1984ல எம்.ஜி.ஆர். ஆட்சியில தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தாங்க. 1997ல ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வந்துச்சு. 2000ல டைடல் பார்க் திறந்தாங்க. 2007ல நுழைவுத் தேர்வு போச்சு. இது என்னை மாதிரி, ஊர்ல கோச்சிங் சென்டரே இல்லாத பசங்களுக்குப் பெரிய விடுதலை. 2010கள்ல கல்லூரி எண்ணிக்கை ஐநூறைத் தாண்டிப்போச்சு. எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு பக்கம் கடலை போடற செம்மண் காடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூணு மாடி காலேஜ். எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி. எங்க தெருவுல ஏழு பேரு என் கூடவே பி.இ. முடிச்சாங்க.

இத்தனை பேரு மொத்தமா வாசல்ல நின்னா கம்பெனி என்ன பண்ணும்? 1955ல ஐபிஎம் பண்ணினதையேதான் பண்ணுச்சு. சகுந்தலா தேவி 1976ல போட்ட புதிர்ப் புஸ்தகம் இருபத்தஞ்சு முப்பது வருஷம் கழிச்சு ஜெராக்ஸ் கடையில சக்கைப்போடு போட்டுச்சு, கம்பெனி டெஸ்ட்ல அதுலேர்ந்து கேக்கறாங்கன்னு. கணக்குல பிள்ளைங்களுக்கு ஆசை வரணும்னு அந்தம்மா எழுதின புஸ்தகம், வேலைக்குச் சல்லடையா ஆயிடுச்சு. அப்புறம் குரூப் டிஸ்கஷன். தமிழ் மீடியத்துல படிச்ச பையன் எட்டுப் பேருக்கு நடுவுல இங்கிலீஷ்ல எப்ப வாயைத் திறக்கறதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பதினஞ்சு நிமிஷம் முடிஞ்சுடும்.

2005ல மெக்கின்சி நிறுவனம், இந்தியப் பொறியியல் பட்டதாரிகள்ல நூத்துக்கு 25 பேர்தான் பன்னாட்டுக் கம்பெனியில வேலைக்கு லாயக்குன்னு ஒரு கணக்குச் சொல்லுச்சு. மனிதவள அதிகாரிகளைக் கேட்டுத் திரட்டின அபிப்பிராயம் அது. ஆனா அதுக்கப்புறம் வருஷா வருஷம் பேப்பர்ல இதேதான்: 'இன்ஜினியர்ங்க லாயக்கில்லை'. எங்க அப்பாவும் அதைப் படிச்சிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்திருக்காரு. சல்லடையோட கண்ணு எவ்வளவு பெருசுன்னு ஒரு பேப்பரும் எழுதலை.

இதை மாத்தணும்னு நினைச்சவங்களும் இருக்காங்க. அதுவும் எங்க பக்கத்துலேர்ந்தே. திருச்சி என்.ஐ.டி.யில ஒண்ணாப் படிச்ச விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதின்னு ரெண்டு பேர் 2009ல இன்டர்வியூஸ்ட்ரீட்னு ஆரம்பிச்சாங்க. மொதல்ல மாணவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்தறதுதான் திட்டம். அப்புறம், ரெஸ்யூம்ல என்ன காலேஜ், என்ன மார்க்குங்கறதை விட்டுட்டு, கோடு எழுத வெச்சுப் பார்ப்போம்னு மாறினாங்க. 2011ல ஒய் காம்பினேட்டர்ல இடம் கிடைச்ச முதல் இந்தியக் கம்பெனி அதுதான். இப்ப ஹேக்கர்ரேங்க்னு உலகத்துக்கே தெரியும். கீரனூர் பையனும் ஐ.ஐ.டி. பையனும் ஒரே கேள்விக்குப் பதில் எழுதலாம்ங்கறது நல்ல எண்ணம்தான், எனக்கு அதுல சந்தேகமே இல்லை. ஆனா கூட்டம் சேர்ந்ததும் இந்த மாதிரி கோடிங் டெஸ்ட்டையும் கம்பெனிங்க சல்லடையாத்தான் பிடிச்சாங்க. முன்னாடி சாக்கடை மூடி, இப்போ பைனரி ட்ரீ.

இப்ப கூகுள் கதை. 2013ல அங்கே ஆள் எடுக்கற துறைக்குத் தலைவரா இருந்த லாஸ்லோ பாக், நியூயார்க் டைம்ஸ் பேட்டியில போட்டு உடைச்சாரு. ஆயிரக்கணக்கான இன்டர்வியூவை எடுத்து, யாரு எவ்வளவு மார்க் போட்டாங்க, எடுத்த ஆள் பின்னாடி எப்படி வேலை பார்த்தாருன்னு ஒப்பிட்டுப் பார்த்தாங்களாம். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். புதிர்க் கேள்வி சுத்த நேர விரயம், கேக்கறவருக்குத் தான் புத்திசாலின்னு ஒரு நினைப்பு வர்றதைத் தவிர வேற பிரயோஜனம் இல்லைன்னும் சொன்னாரு. எங்க புதுக்கோட்டை சமஸ்தானத்துல அம்மன் காசுன்னு ஒரு செப்புக்காசு இருந்துச்சு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் 'விஜய'ன்னு எழுத்து. அதைச் சுண்டிப் போட்டிருந்தா கம்பெனிக்குச் செலவாவது மிச்சமாயிருக்கும்.

2015ல மேக்ஸ் ஹோவெல்னு ஒருத்தர் ட்விட்டர்ல புலம்பினது ரொம்பப் பிரபலம். மேக் கம்ப்யூட்டர்ல புரோகிராமருங்க தினமும் உபயோகிக்கற ஹோம்ப்ரூவை எழுதினவரு. கூகுள் இன்ஜினியருங்கள்ல பெரும்பாலானவங்க என் சாஃப்ட்வேரைத்தான் உபயோகிக்கறாங்க, ஆனா போர்டுல பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடத் தெரியலைன்னு என்னை வேணாம்னுட்டாங்கன்னாரு. தம்பிகிட்ட இதைச் சொன்னப்ப, "அதே கேள்வியாண்ணே?" அப்படின்னான். அந்த ராத்திரியில அவன் முதல் தடவையா சிரிச்சது அப்பத்தான்.

இதுவரைக்கும் அடுத்தவங்களைப் பத்தியே சொல்லிட்டேன். இப்ப என் குத்தம்.

ரெண்டு வருஷம் முன்னாடி என்னையும் இன்டர்வியூ எடுக்கச் சொன்னாங்க. எனக்கு ஒரே பெருமை. மொத நாள் வந்தது இலுப்பூர் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு. எங்க மாவட்டம்! ரெஸ்யூம்ல அவங்க அப்பாவோட ரேஷன் கடைக்கு இருப்புக் கணக்குப் பார்க்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதினதாப் போட்டிருந்துச்சு. நான் அதைப் பத்திக் கேக்கவே இல்லை. போர்டுகிட்ட நிக்க வெச்சு, சத்தமா யோசிச்சுக்கிட்டே எழுதுங்கன்னு சொல்லிட்டுக் கையைக் கட்டிக்கிட்டுப் பின்னாடி நின்னேன். பாதியில அந்தப் பொண்ணு கை நின்னுச்சு. திரும்பி என்னைப் பார்த்துச்சு. நான் வாட்ச்சைப் பார்த்தேன். ஆமா, ஷாக்லி மாதிரியேதான்.

'ஃபண்டமென்டல்ஸ் வீக்'னு எழுதிக் கொடுத்துட்டேன்.

அப்புறம்தான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை கண்ணுல பட்டுச்சு. 2020ல அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து செஞ்சது. 48 மாணவர்களை ரெண்டாப் பிரிச்சாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி கேள்வி. ஒரு கூட்டம் போர்டுல, பார்த்துக்கிட்டு நிக்கிற ஆளுக்கு விளக்கிக்கிட்டே எழுதணும். இன்னொரு கூட்டம் ரூம்ல தனியா எழுதலாம். ஆள் பார்த்துக்கிட்டு நின்ன கூட்டத்தோட திறன் பாதிக்கும் கீழே போயிடுச்சு. அந்தக் கூட்டத்துல இருந்த பொண்ணுங்கள்ல ஒருத்தர்கூடச் சரியா முடிக்கலை. தனியா எழுதின பொண்ணுங்க எல்லாருமே முடிச்சிருந்தாங்க. சின்ன ஆய்வுதான், அதுல பொண்ணுங்க எண்ணிக்கை இன்னும் குறைவு. இருந்தாலும் படிச்சு முடிச்சதும் எனக்கு அந்த இலுப்பூர் பொண்ணு திரும்பிப் பார்த்ததுதான் ஞாபகம் வந்துச்சு. நான் அளந்தது அதோட ஃபண்டமென்டல்ஸை இல்லை, பயத்தை. 'கரண்ட்டுன்னா பயமா?'ன்னு கேட்டு, பயமில்லைன்னு சொன்னதும் ஆளை எடுத்த தொழில் இது. நாங்க பயத்தை உண்டாக்கிட்டு அதுக்கு மார்க் போட்டுக்கிட்டிருக்கோம்.

அப்ப எப்படித்தான் ஆள் எடுக்கறது? வாசல்ல ஐநூறு பேரு, உள்ளே பத்து நாற்காலி. சல்லடை இல்லாம முடியாதுன்னு நீங்க கேக்கலாம், நியாயமான கேள்வி. நம்மாளுங்களே ஒரு காலத்துல இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்காங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்ச குடவோலைதான். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு, 919ல ஒண்ணு, ரெண்டே வருஷத்துல விதியைத் திருத்தி 921ல இன்னொண்ணு. அதுலயும் தகுதி விதி உண்டு. கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம், சொந்த மனையில வீடு, 35 வயசுக்கு மேல 70க்குள்ள, வேதப் படிப்பு. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவங்களும் அவங்க சொந்தக்காரங்களும் நிக்கவே முடியாது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் படிச்சவனுக்கு அரைக்கால் வேலி போதும்னு சலுகைகூட உண்டு! ஒரு பிராமண ஊர்ச்சபையோட விதி அது; நிலமில்லாதவனும் பெண்களும் கிட்டவே போக முடியாது. அதைப் பெரிய ஜனநாயகம்னு நான் தூக்கிப் பிடிக்கலை. அவங்க 60% விதியும் கொடுமையானதுதான்.

எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் நடக்கற விஷயம். தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, எல்லார் முன்னாடியும் விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. வாங்கற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையிலதான் வாங்கணும், ஒளிக்க முடியாது. பேரு வராதவனை அங்கே யாரும் 'ஃபண்டமென்டல்ஸ் வீக்'னு சொல்லலை. குடத்துல கை விட்டது குழந்தைன்னு எல்லாருக்கும் தெரியும்.

நாமளும் குடத்துல கை விட்டுத்தான் எடுக்கறோம். ஆனா அதை ஒத்துக்க மாட்டேங்கறோம். பேரு வந்தவன் 'நான் திறமைசாலி'ன்னு நம்பறான். வராதவன் 'எனக்கு மண்டை அவ்வளவுதான்'னு கடைக்குப் போறான்.

இப்ப நான் இன்டர்வியூ எடுக்கற விதத்தைக் கொஞ்சம் மாத்திக்கிட்டேன். பெரிய புரட்சியெல்லாம் இல்லை. எங்க வேலையில நிஜமா வர்ற மாதிரி, தப்பு இருக்கிற ஒரு சின்ன கோடைக் கொடுத்துட்டு, அரை மணி நேரம் ரூமை விட்டு வெளியே போயிடறேன். எல்லாருக்கும் அதே கேள்வி. திரும்பி வந்து, என்ன பண்ணினீங்கன்னு உக்காந்து பேசறோம். ரெஸ்யூம்ல அவங்க சொந்தமா ஏதாவது செஞ்சதாப் போட்டிருந்தா கண்டிப்பா அதைப் பத்திக் கேக்கறேன். எடுக்கலைன்னா ஏன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்றேன். ஹெச்.ஆர். பாதி நேரம் அனுப்பறது இல்லை. சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்.

அந்த இலுப்பூர் பொண்ணு இப்ப எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாது. அந்த ரேஷன் கடை சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டிருக்கலாம். கேக்கலை.

இவ்வளவையும் தம்பிகிட்ட சொல்லி முடிக்கும்போது மணி பன்னெண்டே கால். "அப்ப என் மேல தப்பே இல்லைங்கறியா?" அப்படின்னான். அப்படியும் இல்லைடா, படிக்க வேண்டியதைப் படிக்கத்தான் வேணும், ஆனா பதினோரு தடவை பேரு வரலைங்கறதை வெச்சு மண்டையை எடை போடாதேன்னேன்.

வர்ற செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பன்னெண்டாவது இன்டர்வியூ. நேர்ல வரச் சொல்லியிருக்காங்களாம். சேது எக்ஸ்பிரஸ்ல இந்தத் தடவை ரிசர்வேஷன் போட்டுக் கொடுத்திருக்கேன், ராத்திரியாவது தூங்கிட்டு வரட்டும்.

உங்ககிட்டயும் இப்படி ஒரு கதை இருக்கும்னு தெரியும். தோத்ததை மட்டும் இல்லாம, நீங்க நாற்காலிக்கு அந்தப் பக்கம் உக்காந்து யாரையாவது அனுப்பின கதை இருந்தா அதையும் எழுதுங்க. அதைத்தான் யாரும் எழுத மாட்டேங்கறோம்.

டிஸ்கி: நான் போன கம்பெனி, நான் இருக்கற கம்பெனி எதுன்னு தனியாக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இன்னும் லோன் பாக்கி இருக்கு :-)